கழித்தலும் காத்தலும்

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். இலண்டனில் நாடாளுமன்றம் கூடிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலைகளில் பணியாட்கள் இருவர் காலை முதல் மரக்குச்சிகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வண்டிச் சுமை குச்சிகள். மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அளவுக்கு மீறிச் சூடேறிய புகைப்போக்கிகளின் வழியே நெருப்பு மேல்தளத்திற்குப் பரவியது. அன்றிரவு நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் எரிந்து போயின.

எரிக்கப்பட்ட அந்தக் குச்சிகள் அரசாங்க ஆவணங்கள் என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. இடைக்காலத்திலிருந்து இங்கிலாந்தின் கருவூலம் தனக்கு வந்த பணத்தை மரக்குச்சியில் வெட்டுக்குறி இட்டுப் பதிவு செய்துவந்தது. தொகைக்கு ஏற்ப வெட்டின் அகலம் மாறும். பின்னர் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் செலுத்தியவரிடம் கொடுத்து, மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். இரண்டு பாதிகளும் பொருந்தினால் கணக்கு உண்மை. எழுத்தறியாதவரும் சரிபார்க்கக்கூடிய முறை அது. 1826இல் இம்முறை கைவிடப்பட்ட பிறகு குச்சிகள் குவியலாகக் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த வேண்டியிருந்தபோது, எரித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1855இல் ஆற்றிய ஓர் உரையில் இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அருகில் வாழ்ந்த ஏழைகள் விறகுக்கு எடுத்துச் செல்ல விட்டிருக்கலாமே என்று நிர்வாகத்தை எள்ளி நகையாடினார்.

வேண்டாத ஆவணங்களைக் கழிக்கப் போய் வேண்டிய ஆவணங்கள் அழிந்ததுதான் இந்தக் கதையின் துயரமான பகுதி. மக்கள் சபையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அந்த இரவில் போயிற்று. பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் மட்டும் தப்பின. அவை அரண்மனையின் பிரதான கட்டடங்களிலிருந்து விலகி நின்ற நகைக் கோபுரம் என்ற சிறிய கற்கட்டடத்தில் இருந்தன. அக்கோபுரம் இன்றும் நிற்கிறது.

இதற்கு நிகரான ஒரு நெருப்பு நம் பக்கத்திலும் எரிந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றைப் படித்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது. ஏடு தேடித் தென்பாண்டி நாட்டுக்குச் சென்ற ஐயர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய அரசர் ஒருவருடைய ஏட்டுத் தொகுதி இருந்ததாக அறிந்து அங்கே போய் விசாரிக்கிறார். பழுதுபட்டுக் குவிந்து கிடந்த ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் ஆகுதியாக இட்டுவிட்டதாகப் பதில் வருகிறது. ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இத்தகையதே. இவற்றைச் செய்தவர்களுக்கு ஏட்டின்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. மரியாதையோடுதான் அழித்தார்கள். இலண்டன் பணியாட்களோ கடமையாகச் செய்தார்கள். இரண்டு இடங்களிலும் குறை ஒன்றே: குவியலைக் குவியலாக மட்டுமே பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, இது என்ன, யாருக்கு வேண்டும் என்று கேட்க ஒருவர் இல்லை.

இன்று நம் நிறுவனங்கள் எதையும் எரிப்பதில்லை; எதையும் கழிப்பதுமில்லை. எல்லாவற்றையும் கணினியில் வைத்துக்கொண்டிருக்கின்றன. இது பழைய பிழைக்கு மாற்று என்று தோன்றலாம். அதே பிழையின் மறுபக்கம் என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு, ஆவணம் காத்தலின் வரலாற்றைச் சற்றே தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பனையோலை வைத்திருந்த காலத்தில் காத்தல் என்பது படியெடுத்தலே. ஓலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, மையோ மஞ்சளோ தடவி முடிக்கும் உழைப்பு சிறிதல்ல. நம் தட்பவெப்பத்தில் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பி ஓர் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகள் கிடந்தால் அதிகம். ஆகவே சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து முழு நூலையும் மறுபடி எழுதியாக வேண்டும். எழுதத் தொடங்கும் முன்பே, இது எழுதத் தக்கதா என்ற கேள்வி வந்து நின்றுவிடும். எழுதி முடித்த பின்னரோ அந்தச் சுவடிக்கு வேறு செலவில்லை. பரணில் கிடக்கும்; கீழே எரியும் அடுப்பின் புகையே பூச்சியை விரட்டும்; எப்போதாவது எண்ணெய் தடவினால் போதும். தேர்வுக்குப் பெருஞ்செலவு, இருப்புக்குச் சிறுசெலவு என்பதே ஓலையின் பொருளாதாரம்.

அந்தத் தேர்வு எப்போதும் நியாயமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில பாடல்களாக மட்டுமே எஞ்சியுள்ளன. ஒரு சமயம் செல்வாக்கு இழந்தால் அதன் நூல்களைப் படியெடுக்கவும் ஆள் குறைந்துவிடுகிறது. யாரும் எரிக்காமலேயே நூல்கள் இறந்துபோகின்றன. தேர்வு என்பதில் அதிகாரம் கலந்திருக்கிறது என்ற இந்த உண்மையைப் பிற்பாடு மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

காகிதமும் நவீன அரசும் சேர்ந்தபோது நிலைமை மாறியது. எழுதுவது எளிதாயிற்று; ஆவணங்கள் பெருகின. சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத் துறைகளின் ஆவணங்களை ஒரே அறையில் திரட்டும் ஏற்பாட்டை 1805இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் செய்தார். 1909இல் அவ்வாவணங்களுக்கு எழும்பூரில் தனிக் கட்டடம் எழுந்தது. இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதுவே. இங்கிலாந்தில் நாடாளுமன்றம் எரிந்து நான்காண்டுகள் கழித்து, 1838இல், பொது ஆவண அலுவலகச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 40 ஆண்டுகளுக்குள்ளாகவே காப்பகம் நிரம்பத் தொடங்கியது. பொதுநலனுக்குப் பயன்படாத ஆவணங்களை முறைப்படி அழிக்கலாம் என்று 1877இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. காக்கும் சட்டம் முதலில் வந்தது. கழிக்கும் சட்டம் அதன் பின்னாலேயே வந்தது. இவை இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை அனுபவம் கற்பித்தது.

யார் கழிப்பது என்ற கேள்வியில் இருபதாம் நூற்றாண்டின் ஆவணவியல் அறிஞர்கள் இருவர் எதிரெதிரே நின்றார்கள். இங்கிலாந்தின் ஹிலாரி ஜென்கின்சன் 1922இல் வெளியிட்ட கையேட்டில், காப்பாளர் தேர்வு செய்யவே கூடாது என்றார். காப்பாளரின் விருப்பு வெறுப்பு கலந்துவிட்டால் ஆவணத்தின் நடுநிலை கெட்டுவிடும். வேண்டாததை நீக்குவது அதை உருவாக்கிய அலுவலகத்தின் பொறுப்பு என்பது அவர் வாதம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டி.ஆர்.ஷெலன்பர்க், போர்க்காலம் குவித்துவிட்டுப் போன காகித மலைகளின் முன்னால் நின்று வேறுவிதமாகச் சிந்தித்தார். எல்லாவற்றையும் வைத்திருந்தால் எதையும் தேடிக் கண்டடைய முடியாது. எனவே காப்பாளரே மதிப்பிட வேண்டும் என்று 1956இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஆவணத்துக்கு இரண்டு மதிப்புகள் உண்டு என்பது அவருடைய பங்களிப்பு: ஓர் அலுவலகம் எப்படி இயங்கியது என்பதற்கான சான்று மதிப்பு ஒன்று, மனிதர்களையும் இடங்களையும் நிகழ்ச்சிகளையும் பற்றிய தகவல் மதிப்பு மற்றொன்று.

இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நடைமுறைக்கு உகந்த ஒரு வழியை 1954இல் இங்கிலாந்தின் கிரிக் குழு பரிந்துரைத்தது. ஒரு கோப்பு மூடப்பட்டு 5 ஆண்டுகள் ஆனதும் முதல் பரிசீலனை: அலுவலகத்துக்கு இது இன்னும் தேவையா? தேவையில்லை என்றால் கழித்துவிடலாம். எஞ்சியவற்றுக்கு 25 ஆண்டுகளில் இரண்டாம் பரிசீலனை: வரலாற்றுக்கு இது தேவையா? எளிமையான இரண்டு கேள்விகள். ஆனால் அவற்றை உரிய காலத்தில், உரிய மனிதர் கேட்டாக வேண்டும். 1958ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இந்த முறையின்மேல்தான் எழுந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், மத்திய அரசின் ஒவ்வோர் ஆவண உருவாக்க அமைப்பும் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. ஆவணங்களைக் காலந்தோறும் பரிசீலித்து, குறுகிய கால மதிப்பு உள்ளவற்றைக் களைந்தெடுப்பது அவருடைய கடமைகளில் ஒன்று. விதிகளுக்குப் புறம்பாக அழித்தால் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். கணினி உருவாக்கும் எந்தப் பொருளும் பொது ஆவணமே என்று 1993லேயே அச்சட்டம் எழுதி வைத்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இணையம் பொதுமக்களிடம் வந்து சேராத காலம் அது. சட்டம் தயாராக இருந்தது. நம் பழக்கம்தான் தயாராகவில்லை.

கணினியின் தொடக்ககாலமும் தேர்வின் காலமாகவே இருந்தது. துளையட்டை ஒன்றில் 80 எழுத்துகளுக்கு மட்டுமே இடம். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகம் செய்த முதல் வன்தட்டுச் சேமிப்பகம் 50 பெரிய தட்டுகளைக் கொண்டது. ஒரு டன்னுக்கும் மேல் கனம். அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு புகைப்படங்களுக்கே அந்த இடம் காணாது. ஆண்டை எழுத நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக இரண்டைப் பயன்படுத்தி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்தச் சிக்கனமே 2000ஆம் ஆண்டுப் பிறப்பின்போது உலகையெல்லாம் பதற்றத்தில் ஆழ்த்தியது. இடம் அரிதாக இருந்தவரை, எதை வைப்பது என்று மனிதர்கள் யோசித்தார்கள்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஜிமெயில் அறிமுகமானபோது அந்த யோசனைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஹாட்மெயில் 2 மெகாபைட் தந்துகொண்டிருந்த நாளில் ஜிமெயில் ஒரு கிகாபைட் தந்தது. இனி எதையும் நீக்க வேண்டியதில்லை, தேடினால் போதும் என்பதே அதன் கவர்ச்சி. 2006இல் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தை வாடகைக்கு விடத் தொடங்கியது. சொந்த அறையில் நிரம்பி வழிந்தால் கண்ணுக்குத் தெரியும். வேறு கண்டத்தில் நிரம்பினால் மாதக் கட்டணத்தில் ஒரு சிறு எண் கூடும், அவ்வளவே. ஓலையின் பொருளாதாரம் இங்கே முழுதாகத் தலைகீழானது: தேர்வுக்குச் செலவே இல்லை, இருப்புக்கு ஓயாத செலவு. வன்தட்டு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அறை குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவியையே மாற்ற வேண்டும். பரணில் கிடக்கும் சுவடி யாரிடமும் மின்சாரம் கேட்டதில்லை.

இந்தச் செலவைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தாமல் இருப்பது நல்லது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகின் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின. உலக மின்நுகர்வில் இது ஏறத்தாழ 1.5 விழுக்காடு. ஆனால் அதில் பெரும்பங்கு கணக்கிடும் சர்வர்களுக்கும் குளிரூட்டலுக்கும் போகிறது. சேமிப்புக் கருவிகளின் பங்கு 5 விழுக்காடு அளவில்தான் என்று அதே அறிக்கை கூறுகிறது. 2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வறட்சி நிலவியபோது, தரவு மையங்களின் தண்ணீர்ச் செலவைக் குறைக்கப் பழைய மின்னஞ்சல்களையும் படங்களையும் நீக்குங்கள் என்று அங்குள்ள தேசிய வறட்சிக் குழு பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. அறிந்தவர்கள் சிரித்தார்கள். தனி மனிதர் நூறு மின்னஞ்சல்களை நீக்குவதால் ஓர் ஆறும் நிறைந்துவிடப் போவதில்லை.

பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்? சேமிப்பின் உண்மையான சுமையை மின்கட்டணத்தில் மட்டும் தேடக் கூடாது. அது கருவிகளில் இருக்கிறது. ஒவ்வொரு வன்தட்டும் சர்வரும் சுரங்கத்திலிருந்து வந்த உலோகம். ஆயுள் முடிந்ததும் குப்பை. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த கண்காணிப்பு அறிக்கை கூறியது. அலுவலகக் கணினிகள் இதில் ஒரு பகுதிதான். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத காரணத்தினாலேயே, நன்றாக இயங்கும் வன்தட்டுகளையும் நிறுவனங்கள் நொறுக்கச் சொல்கின்றன. எது இரகசியம், எது சுற்றறிக்கை என்று பிரித்து வைத்திருந்தால், அழித்துத் துடைத்து இன்னொருவருக்குத் தரலாம். பிரிக்காத குவியலை நொறுக்கத்தான் முடியும். எஞ்சியவை எங்கே போகின்றன என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் சாட்சி. அங்கே ராமகங்கை ஆற்றங்கரையில், செம்புக்காகவும் பிற உலோகங்களுக்காகவும் மின்சுற்றுப் பலகைகளை எரித்துச் சாம்பலை அலசிய ஏழைத் தொழிலாளர்களைப் பற்றிப் பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கரிவலத்தில் எரிந்தது நெருப்பென்றால், இதுவும் நெருப்புதான். புகையை மூச்சில் இழுப்பவர்கள் ஆவணத்தை உருவாக்கியவர்கள் அல்லர் என்பதே வேறுபாடு.

இன்னொரு சுமையும் உண்டு. அதை நான் நேரில் கண்டேன். நான் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில் சர்வர் நிரம்பிவிட்டது. மதிப்பீட்டுக் குழுவின் வருகைக்கென்று ஒரே விழாவின் படங்களை ஐந்து துறைகள் ஐந்து முறை ஏற்றியிருந்தன. ஒவ்வொரு சுற்றறிக்கையும் வருடிய படமாகவும், அதன் படியாகவும், படியின் படியாகவும் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அளவில் பெரிய கோப்புகளை முதலில் நீக்குங்கள் என்று ஓர் உத்தரவு வந்தது. பெரிய கோப்புகள் எவை? எங்கள் துறை மாணவர்கள் மூன்று ஆண்டுகளாகச் சுற்று வட்டாரக் கிராமங்களில் பதிவு செய்து வந்த ஒப்பாரிப் பாடல்களும் நடவுப் பாடல்களும்தான். திங்கட்கிழமை அவை இல்லை. பாடிய மூதாட்டிகளில் சிலர் அதற்குள் காலமாகியிருந்தனர். சுற்றறிக்கைகள் எல்லாம் ஐந்து படிகளோடு பத்திரமாக இருந்தன. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. வேறு இடத்தில் ஒரு படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்த நாங்கள், கழிக்க வேண்டிய நாள் வந்தபோது எடைபார்த்துக் கழித்தோம்.

அன்றிலிருந்து எனக்குத் தெளிவானது இது: கழிக்கும் பழக்கம் இல்லாத நிறுவனத்தால் காக்கவும் முடியாது. சூழலைக் காப்பதும் நினைவைக் காப்பதும் இந்த இடத்தில் ஒன்றுக்கொன்று எதிரான காரியங்கள் அல்ல. இரண்டுக்கும் வேண்டியது பரிசீலனை என்ற அதே பழைய உழைப்பு.

அந்த உழைப்புக்குக் கருவிகள் புதியவை; முறை பழையது. ஆவணம் பிறக்கும்போதே அதன் ஆயுளைக் குறித்துவிட வேண்டும்: இது ஓராண்டுக்கு, இது எட்டாண்டுக்கு, இது என்றைக்கும். ஆளாளுக்குப் படி வைத்துக்கொள்ளாமல் மூலம் ஓரிடத்தில் இருக்க, மற்றவர்கள் அதைச் சுட்டினால் போதும். என்றைக்கும் வேண்டியவற்றுக்கு மட்டும் இரண்டு படிகள், வெவ்வேறு ஊர்களில். நகைக் கோபுரம் கற்பித்த பாடம் அது. அடிக்கடி எடுத்துப் பார்க்காதவற்றைச் சுழலும் வட்டிலிருந்து காந்த நாடாவுக்கு மாற்றிவிடலாம். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை எல்.டி.ஓ. நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும்; அலமாரியில் இருக்கும்வரை அந்த நாடாவுக்கு மின்சாரம் வேண்டாம். ஓலைச்சுவடிக்கு மிக நெருங்கிய உறவினர் என்று இதைத்தான் சொல்வேன். இயங்கும் கருவியை இன்னும் ஈராண்டு இயக்குவதும், முடிந்ததைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதும் அடுத்த கடமை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், இந்தப் பொருள்களைப் பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியுள்ளன.

மதிப்பிடுவது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. குண்டலகேசியை இழந்த மொழியில் நின்றுகொண்டு இதை எளிதாகக் கடந்து போக முடியாது. தனி ஒருவர் முடிவு செய்யக் கூடாது; உருவாக்கியவரும், காப்பவரும், பயன்படுத்துபவர் ஒருவரும் சேர்ந்து அமர வேண்டும். கழித்தவற்றின் பட்டியலையும், ஏன் கழித்தோம் என்ற காரணத்தையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும். நாளை வருபவர் நம் தீர்ப்பைத் தவறென்று சொல்வதற்காவது அது உதவும். கரிவலத்தில் அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால், எரிந்த நூல்களின் பெயர்களாவது ஐயருக்குக் கிடைத்திருக்கும்.

இப்போது பணிபுரியும் இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன்பு, நாங்கள் மூவர் ஒரு பிற்பகல் முழுதும் கணினி முன்னால் அமர்கிறோம். சலிப்பூட்டும் வேலைதான். கழித்தவற்றை ஒரு பழைய குறிப்பேட்டில் கையால் எழுதி வைக்கிறோம். சென்ற ஆண்டு அதில் பதினொரு பக்கங்கள் நிறைந்தன.